17-ஆம் கட்டத்தில் எந்த டாக்டர்?

அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் ஸ்கேனுக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ பணம் கேட்கும்போது, செய்தவர் பெயர் மட்டும் போதாது. செய்யச் சொன்ன டாக்டர் யார் என்றும் காட்ட வேண்டும். சிஎம்எஸ்-1500 க்ளெய்ம் படிவத்தில் அதற்கான இடம் 17-ஆம் கட்டம். சென்னையில் இரவு ஷிஃப்டில் மெடிக்கல் பில்லிங் பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய கட்டம்தான். ஆனாலும் டினையல்கள், அதாவது பணம் தர மறுக்கும் நிராகரிப்புகள், இங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பெயருக்கு முன்னால் இரண்டெழுத்துக் குறி வரும். பரிந்துரைத்தவர் என்றால் டிஎன், பரிசோதனைக்கு ஆர்டர் கொடுத்தவர் என்றால் டிகே, மேற்பார்வையிட்டவர் என்றால் டிக்யூ. 17பி-யில் அவருடைய என்பிஐ எண், அதாவது மருத்துவச் சேவை தருவோருக்கான 10 இலக்க தேசிய அடையாள எண்.

இந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். முதல் ஒன்பது இலக்கம் 123456789 என்று வைத்துக்கொள்வோம். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 9, 7, 5, 3, 1 ஆகியவற்றை இரட்டித்தால் 18, 14, 10, 6, 2. இவற்றின் இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டினால் 23. மிச்சமுள்ள 8, 6, 4, 2 சேர்ந்து 20. இதோடு எப்போதும் 24 சேர்க்க வேண்டும். மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கான 70-க்கு இன்னும் 3 தேவை. ஆக, முழு எண் 1234567893. ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு எண் சரியாக அமைந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அது வேறொரு டாக்டருடையதாகவோ, ஆர்டர் கொடுத்தவர் வேலை பார்க்கும் கிளினிக்கின் குழு எண்ணாகவோ இருந்தாலும் தேறிவிடும். தனிநபர் எண்தான் செல்லும் என்பதைப் பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

அடுத்த சோதனை பீகாஸ் என்ற மெடிகேர் பதிவேட்டில் நடக்கிறது. அந்த டாக்டர் அதில் பதிந்திருக்க வேண்டும்; ஆர்டர் கொடுக்கத் தகுதியுள்ள பிரிவினராகவும் இருக்க வேண்டும். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. 2014 ஜனவரி 6 முதல், இதில் தேறாத க்ளெய்ம்கள் நிராகரிக்கப்படுகின்றன.

எண்ணோடு குடும்பப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். காகிதப் படிவத்தில் முதலில் சொந்தப் பெயர், பிறகு குடும்பப் பெயர். இதை மாற்றி எழுதினால் பொருந்தாது. செல்லப் பெயரும் கூடாது. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நம்மூர் டாக்டர்கள் அங்கே எந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கவே கூடாது. லெட்டர்பேடை நம்பாமல் பதிவேட்டில் இருப்பதை அப்படியே எடுத்தெழுதுவதுதான் சரி.

இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக ஆர்டர் கொடுத்திருந்தால், ஒவ்வொருவருக்கும் தனி க்ளெய்ம் போட வேண்டும்.

இந்தச் சோதனையில் தோற்ற பில்லை நோயாளியின் தலையில் கட்ட மெடிகேர் அனுமதிப்பதில்லை. நியாயமான விதி அது. டாக்டரின் பதிவு விவரத்துக்கு வயதானவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆகவே திருத்தி மறுபடி அனுப்பும்வரை, வேலையை ஒழுங்காகச் செய்த லேப்தான் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியலை மெடிகேர் நிர்வாகமே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. க்ளெய்ம் அனுப்புவதற்கு முன் அதில் பெயரையும் எண்ணையும் தேடிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.