வெப்பம் தப்பும் உயரம்

வெள்ளவத்தையிலிருந்து தரம் எட்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம்தானே? 99 சதவீதம் நைதரசனும் ஒட்சிசனும். இவ்வளவு கொஞ்ச வாயு எப்படி உலகத்தையே சூடாக்கும்?"

தொடக்கம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். சூரிய ஒளி வளியைக் கடந்து வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான நிலம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் கதிர்களாக அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிக்கல் அந்தத் திரும்பும் வழியில்தான்.

நைதரசன் மூலக்கூறில் இருப்பவை ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். அவை எப்படி அதிர்ந்தாலும் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்வதில்லை. அதனால் செந்நிறக்கீழ் கதிர் அதைத் தொடாமலே போய்விடும். ஒட்சிசனும் அப்படித்தான். காபனீரொட்சைட்டில் நடுவே காபன், இரு புறமும் ஒட்சிசன். நடு அணு ஒரு பக்கமும் ஓர அணுக்கள் மறுபக்கமுமாக மூலக்கூறு வளைந்து நெளியும்போது மின்னேற்றம் சமநிலை குலைகிறது. அந்த நெளிவுக்குப் பொருந்துவது 15 மைக்ரோமீற்றர் அலைநீளம். பூமி அதிகமாக வெளிவிடும் கதிர்களுக்குள்தான் அதுவும் வருகிறது. 1859இல் லண்டனில் ஜோன் டின்டால், நீண்ட குழாயில் வாயுக்களை அடைத்து வெப்பக் கதிரைச் செலுத்தி, எது உறிஞ்சுகிறது, எது விட்டுவிடுகிறது என்று அளந்து காட்டினார்.

கதிரை வாங்கிய மூலக்கூறு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. திரும்ப வெளிவிடுவதற்கு முன்பே பக்கத்து நைதரசனோடும் ஒட்சிசனோடும் மோதி, சக்தியைக் கொடுத்துவிடுகிறது. பிடிப்பது 0.04 சதவீதம், சூடாவது முழு வளியும். மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மறுபாதி இதைவிடச் சுவையானது. 1900இல் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் நூட் ஒங்ஸ்ட்ரோம் ஓர் எதிர்வாதம் வைத்தார்: இருக்கும் காபனீரொட்சைட்டே தன் பங்குக் கதிர்களை முழுதாக உறிஞ்சிவிடுகிறது, இன்னும் சேர்த்து என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்வி. 'பூமிக்குப் போர்வை' என்ற வகுப்பறை உவமையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நிலத்திலிருந்து கிளம்பும் வெப்பம் உறிஞ்சப்பட்டு, மீண்டும் வெளிவிடப்பட்டு, மறுபடி உறிஞ்சப்பட்டு மேலே ஏறுகிறது. மேலே போகப் போக வளி ஐதாகும். ஓர் உயரத்துக்கு மேல் தடுக்க ஆளில்லை. கதிர் விண்வெளிக்குத் தப்பிவிடும். சராசரியாக அந்த உயரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். உயரம் கூடினால் குளிரும், கிலோமீற்றருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ். கடல் மட்டத்துக் கொழும்பையும் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 12 பாகை அளவில் வித்தியாசம் வரும்.

சூரியனிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பூமிக்கு மறை 18 பாகை போதும். அந்த மறை 18தான் தப்பும் உயரத்தின் வெப்பநிலை. அங்கிருந்து 5 கிலோமீற்றர் கீழே இறங்கினால் 33 பாகை அளவு கூடி, நிலத்தில் சராசரி 15 பாகை. கணக்கு பொருந்துகிறதா?

இப்போது காபனீரொட்சைட்டைக் கூட்டுங்கள். முன்பு தப்பிய உயரத்திலும் இப்போது தடை. தப்பும் இடம் மேலே தள்ளிப்போகிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த வளி குறைவாகவே கதிர்வீசும். வரவு அப்படியே, செலவு குறைவு. அந்தப் புதிய உயரம் பழைய மறை 18ஐ எட்டும்வரை நிலத்திலிருந்து அங்குவரை எல்லாம் சூடாகும். காபனீரொட்சைட்டு இரட்டிப்பானால் தப்பும் உயரம் 150 மீற்றர் அளவு ஏறும்; அதுவே தரையில் 1 பாகை. சூடான வளி பாகைக்கு 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் காபனீரொட்சைட்டைப் போல வெப்பக் கதிரை உறிஞ்சும் பச்சைவீட்டு வாயு என்பதால் அந்த 1 பாகை அத்துடன் நிற்பதில்லை.

சூரியன்தான் காரணம் என்பவர்களுக்கு: அப்படியானால் மேல் அடுக்கான படைமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்து வருகிறது. சியுக்குரோ மனாபே 1967இலேயே சக ஆய்வாளர் ஒருவருடன் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 2021இல் நோபல் பரிசு பெற்றார். வெயில் ஏறினால் 'கலி முத்திப்போச்சு' என்று சொல்லிவிட்டு விசிறியைக் கூட்டுகிற நமக்கு இந்தக் கணக்கு எட்டுவதில்லை.

தொழிற்புரட்சிக்கு முன் காபனீரொட்சைட்டு மில்லியனில் 280 பங்கு. 1958இல் ஹவாயின் மவுனா லோவாவில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தப் பதிவு 1964இல் நிதி வெட்டால் சில மாதங்கள் அறுந்தது. வருடக்கணக்கில் ஒரே எண்ணை அளப்பதற்குக் காசு கேட்டால் எந்த அரசுக்கும் அலுப்புத்தான். ஆனால் நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த அலுப்பான வேலையிலிருந்து வந்தது.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு போத்தல்களை எடுத்து, ஒன்றில் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து வாயுவை நிரப்பி, மின்குமிழின் கீழ் வைத்து வெப்பமானி பார்க்கும் செய்முறை பிரபலம். அங்கே கூடும் வெப்பம் பச்சைவீட்டு விளைவால் அல்ல. காபனீரொட்சைட்டு வளியைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. அடியில் தங்கி, கலந்து ஆறுவதைத் தடுக்கிறது. செந்நிறக்கீழ் கதிரை உறிஞ்சாத ஆகன் வாயுவை நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே முடிவு வரும்.

அதற்குப் பதிலாக, புறக்கோட்டைக் கருவிக் கடைகளில் கிடைக்கும் துப்பாக்கி வடிவச் செந்நிறக்கீழ் வெப்பமானியை எடுங்கள். நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது உதவாது. மறை 50 வரை காட்டும் வகை வேண்டும். இரவில் மொட்டைமாடியிலிருந்து தெளிந்த வானத்தின் உச்சியை நோக்கிப் பிடித்து எண்ணைக் குறியுங்கள். அடுத்து மேகத்தை நோக்கி. பிறகு அடிவானத்துக்குச் சற்று மேலே. மேகம் கூடுதலான எண்ணைக் காட்டும். அடிவானமும் உச்சியைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அந்தத் திசையில் ஈரமான கீழ்வளி நீண்ட தூரம் குறுக்கே நிற்கிறது. இந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையே பார்க்கும். காபனீரொட்சைட்டின் 15 அதற்கு வெளியே. எனவே நீங்கள் அளப்பது பெரும்பாலும் நீராவியும் மேகமும் கீழ்நோக்கி அனுப்பும் வெப்பத்தை. வறண்ட பெப்ரவரி இரவிலும் புழுங்கும் மே மாத இரவிலும் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.