நகராத வண்டியும் கலங்கிய வயிறும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா மூன்று மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போன மாதம் திரும்பினார். எனக்கு ஒரு பை சாக்லேட்டும் ஒரு சந்தேகமும் கொண்டுவந்தார். சாக்லேட்டைப் பேரன் அன்றைக்கே முடித்துவிட்டான். சந்தேகம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

லாஸ் ஏஞ்சலிஸில் யுனிவர்சல் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க மகன் கூட்டிப்போயிருக்கிறான். ட்ராம் என்று பெயர்தான், தண்டவாளம் கிடையாது. பெட்டி பெட்டியாகக் கோத்து டயரில் ஓடும் வண்டி. அது ஓர் இருட்டுக் குகைக்குள் போகிறது. இரண்டு பக்கமும் ராட்சதத் திரை. கிங் காங் வருகிறது, டைனோசர்களோடு சண்டை போடுகிறது, வண்டியைப் பிடித்து இழுக்கிறது, வண்டி பள்ளத்தில் விழப் பார்க்கிறது. வெளியே வந்ததும் மகன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "அம்மா, வண்டி இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை."

"ஏனுங் மாஷே, நகரவே இல்லைன்னா அப்புறம் எதுக்கு என் வயித்தைக் கலக்குச்சு? ரெண்டு நாளைக்கு சோறு இறங்கலைங்க" என்றார் அக்கா. எங்கள் பக்கம் வாத்தியாரைத்தான் மாஷ் என்பார்கள்.

நல்ல கேள்வி. பதில் சினிமாவில் இல்லை, அக்காவின் காதுக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஸ்டூடியோக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்கள் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1915 மார்ச்சில் கார்ல் லெம்லி என்பவர் ஒரு பழைய கோழிப்பண்ணை நிலத்தில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தார். படப்பிடிப்பைப் பார்க்க வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கிக்கொண்டு, மரப்படி கேலரியில் உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார். அன்றைய படங்கள் ஊமைப் படங்கள். அதனால் கூட்டம் கைதட்டலாம், வில்லனைத் திட்டலாம், கேமராவுக்கு எதுவும் கேட்காது. பேசும் படம் வந்ததும் மைக் வந்தது, மைக் வந்ததும் கேலரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிறகு 1964-ல்தான் ட்ராம் வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஆனால் நிஜப் படப்பிடிப்பைப் பார்ப்பது எவ்வளவு சலிப்பு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நடிகர் ஒரு கதவைத் திறப்பதை அரை நாள் எடுப்பார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஏதாவது நடந்தாக வேண்டுமே? அதனால் வெள்ளம் வந்தது, பாலம் உடைந்தது, 1989-ல் பூகம்பமே வந்தது. கொட்டுகிற வெள்ளத்தை மோட்டார் போட்டு மேலே ஏற்றி அடுத்த வண்டிக்கு அதே தண்ணீரைக் கொட்டுவார்கள். இயந்திரக் கிங் காங் ஒன்று 1986-லிருந்து நின்றது. 2008 தீவிபத்தில் எரிந்து போனது. 2010-ல் அதற்குப் பதிலாக வந்ததுதான் அக்காவை ஆட்டிவைத்த திரைக் குரங்கு.

நம் பக்கம் வேறு கதை. ஆலப்புழை உதயா ஸ்டூடியோ 1947-லேயே வந்துவிட்டது என்றாலும், எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஸ்டூடியோ என்றால் கோடம்பாக்கம். பள்ளி நாட்களில் மெட்ராஸ் சுற்றுலா போனபோது ஒரு ஸ்டூடியோ வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். காவலாளி கடைசி வரை உள்ளே விடவில்லை. உள்ளேயிருந்து வெளியே போன ஒரு டிபன் கேரியரை மட்டும் பார்த்தோம். இன்றைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. 1996-ல் திறந்த ராமோஜி ஃபிலிம் சிட்டி, 1,666 ஏக்கர், உலகிலேயே பெரிய ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸில் இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் பஸ்ஸில் ஏற்றி எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். அதற்கும் வசதியில்லாதவர்கள் ஒற்றப்பாலம் போய், மலையாளப் படங்களில் ஓயாமல் வருகிற வரிக்காசேரி மனையின் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, காதுக்கு வருவோம்.

ஒலவக்கோடு ஸ்டேஷனில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் உடம்பு முழுக்க நம்புகிறது. எதிர்ப்பக்கம் பிளாட்பாரத் தூணைப் பார்த்த பிறகுதான் ஏமாந்தது தெரிகிறது. கண் பொய் சொன்னது, சரி. காது ஏன் மறுக்கவில்லை? உள்காதில் சமநிலை உறுப்பு என்று ஒன்று இருப்பதாகப் பத்தாம் வகுப்பில் படித்தோமே, அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

அதற்கு வேகமே தெரியாது என்பதுதான் பதில். வேகம் மாறினால்தான் தெரியும். சீரான வேகத்தில் போவதும் சும்மா நிற்பதும் அதற்கு ஒன்று. காதின் குறை என்று இதைச் சொல்ல முடியாது, இயற்பியலே அப்படித்தான். ஜன்னலை மூடிய ரயில் நேராக, ஒரே வேகத்தில், குலுங்காமல் போனால், உள்ளே வைத்து எந்தச் சோதனை செய்தும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. பக்கத்து வண்டி மெதுவாக நகரும்போது, "நாம்தான் நகர்கிறோம்" என்று கண் சொல்வதை மறுக்கக் காதிடம் சாட்சி இல்லை. மூளை கண்ணின் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அதிலும் ஓரக்கண் காட்சிக்குத்தான் மதிப்பு அதிகம். நேரே பார்க்கிற பார்வை பொருளை அடையாளம் காண. ஓரப் பார்வை நாம் நகர்கிறோமா என்று அறிய. குகையில் திரையை முன்னால் வைக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டியது இதற்காகத்தான். இருட்டும் காரணமாகத்தான்: பார்த்துத் தெளிய அங்கே பிளாட்பாரத் தூண் கிடையாது.

இந்த வித்தை சினிமாவுக்கு முந்தையது. 1894-ல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஒரு "பேய் ஊஞ்சல்" இருந்தது. அறைக்குள் ஊஞ்சலில் ஆட்களை உட்காரவைத்து ஆட்டுவார்கள். ஆட்டம் ஏறி ஏறி ஊஞ்சல் தலைகீழாகச் சுற்றிவிடும், ஆட்கள் அலறுவார்கள். உண்மையில் ஊஞ்சல் லேசாகத்தான் ஆடும், சுற்றுவது அறை. நாற்காலி மேசையெல்லாம் தரையோடு ஆணியடித்திருக்கும். யுனிவர்சலும் பல வருடம் இதையே பெரிதாகச் செய்தது. சுழலும் பனிக்குகை ஒன்றுக்குள் ட்ராம் நேராகத்தான் போகும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் வண்டி கவிழ்கிறது என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணை மூடினால் எல்லாம் நின்றுவிடும். காசு கொடுத்து வந்தவர் யார் கண்ணை மூடுவார்?

ஆனால் கிங் காங் குகையில் கண்ணை மட்டும் ஏமாற்றவில்லை. வண்டி நிற்பது ஆடக்கூடிய ஒரு மேடையின் மேல். காதையும் ஏமாற்றுகிறார்கள். எனக்கு இதுதான் தேன்.

காதில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, மூன்று அரைவட்டக் குழல்கள். தலை திரும்புவதை அறிய. உள்ளே திரவம். ஒரு தம்ளர் தண்ணீரில் டீத்தூள் போட்டுத் தம்ளரைச் சட்டென்று திருகிப் பாருங்கள்: தம்ளர் சுற்றும், தூள் சும்மா நிற்கும். அந்தப் பின்தங்கல்தான் "திரும்புகிறோம்" என்ற செய்தி. தொடர்ந்து சுற்றினால் தண்ணீரும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும், செய்தி நின்றுவிடும். நிறுத்தினால் தண்ணீர் மட்டும் தொடர்ந்து சுற்றும். தட்டாமாலை சுற்றி நிற்கிற குழந்தைக்கு வீடே சுற்றுவது அதனால்தான். இதை வகுப்பில் காட்ட ஒரு சுழல் நாற்காலி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று வருடம் கழித்து இரண்டு டஜன் லிட்மஸ் தாள் வந்தது. பிறகு முடிதிருத்தும் கடை நாற்காலியை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரவல் வாங்கி, ஒரு பையனின் கண்ணைக் கட்டி ஒரே வேகத்தில் சுற்றினோம். அரை நிமிடத்தில் "நின்னுருச்சு சார்" என்றான், சுற்றிக்கொண்டே. நிறுத்தியதும் "இப்ப எதுக்கு சார் எதிர்ப்பக்கம் சுத்தறீங்க?" என்றான். அன்றைக்கு அந்த வகுப்பு சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் ஒரு தரம் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

இரண்டாவது கருவி, ஜெல்லி போன்ற ஒரு படலத்தின் மேல் தூவிய நுண்ணிய கற்கள். கால்சியம் கார்பனேட். நம் வாளையாறு மலையில் சிமென்டுக்கு வெட்டினார்களே சுண்ணாம்புக்கல், அதே சரக்குதான் நம் தலைக்குள்ளும். தலையைச் சாய்த்தால் கற்கள் எடையால் சரியும், கீழே உள்ள மயிரிழைகள் வளையும், சாய்ந்தது தெரியும். வண்டி முன்னால் பாய்ந்தால் கற்கள் நிலைமத்தால் பின்தங்கும். அதே இழைகள், அதே வளைவு.

கவனியுங்கள்: தலை பின்பக்கம் சாய்ந்தாலும் கற்கள் பின்னால் போகும், வண்டி முன்னால் பாய்ந்தாலும் கற்கள் பின்னால் போகும். கல்லுக்கு இரண்டும் ஒன்றேதான். ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளேயிருந்து பிரித்தறிய முடியாது என்று ஐன்ஸ்டைன் 1907-ல் பிடித்த நூலிழை இதுதான். அதைப் பிடித்துப் போய்த்தான் பொதுச் சார்பியலைச் செய்தார். ஸ்டூடியோ பொறியாளர்கள் அதை வைத்து ட்ராமைச் செய்தார்கள்.

எப்படி என்றால், முதலில் மேடையை ஒரு சின்ன உலுக்கு. குரங்கு பிடித்துவிட்டது என்று காது நம்பும். உடனே வண்டியின் மூக்கை மெதுவாக, மிக மெதுவாக மேலே தூக்குவார்கள். நாம் பின்னால் சாய்கிறோம், கற்கள் பின்னால் சரிகின்றன. திரையில் காடு பின்னோக்கி ஓடுகிறது. மூளைக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சாய்வை அரைவட்டக் குழல்கள் காட்டிக்கொடுத்துவிடாதா? விநாடிக்கு 3 டிகிரிக்குள் திருப்பினால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அவ்வளவு மெதுவான திருப்பம் அவற்றுக்குப் புலப்படாது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர்களும் இந்த அளவை ஒட்டியே ஓடுகின்றன. பிறகு திரையில் ஏதோ வெடிக்கும்போது, அந்தப் பரபரப்பில் யாருக்கும் தெரியாமல் மேடையைப் பழைய நிலைக்கு இறக்கி, அடுத்த உலுக்கலுக்குத் தயாராவார்கள். பந்தியில் நாம் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இலையில் இருந்த வடையை எடுத்துவிடுவானே பக்கத்து இலைக்காரன், அந்தக் கைவேலை.

அப்புறம் வயிறு. கண், குழல், கல் மூன்றும் முழுக்க ஒத்துப்போகும்படி எந்த மேடையாலும் ஆட்ட முடியாது. சாட்சிகள் முரண்படும்போது மூளை ஏன் வயிற்றைத் தண்டிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: காட்டில் வாழ்ந்த காலத்தில் உலகம் இப்படிச் சுற்றினால் ஏதோ விஷக்காயைத் தின்றுவிட்டோம் என்று பொருள், வெளியே தள்ளுவதே புத்தி. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். எல்லோரும் ஏற்றுக்கொண்டது என்று சொல்லமாட்டேன். காதின் பங்கு மட்டும் உறுதி: உள்காதின் இந்த உறுப்பு அடியோடு வேலை செய்யாதவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை.

அக்காவின் மாமியாருக்குச் சொந்த விளக்கம் இருந்தது. கண் பட்டுவிட்டதாம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். இந்தப் பாட்டிக்கே நான்கு வருடத்துக்கு முன் படுக்கையில் புரண்டால் வீடு சுற்றும் நோய் இருந்தது. இரண்டு கோயில், ஒரு மந்திரவாதி, ஏழாயிரம் ரூபாய். கடைசியில் ஒரு காது டாக்டர் தலையைப் பிடித்து இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார், தீர்ந்தது. இடம் பெயர்ந்த காதுக்கற்கள் குழலுக்குள் விழுந்திருந்தன. தலையைத் திருப்பித் திருப்பி அவற்றை வெளியே உருட்டிவிட்டார். எப்லி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறை, மருந்து கிடையாது, கத்தி கிடையாது. சுற்றிப் போடுவதில் எனக்குக் கோபம் இல்லை, மிளகாய் நெடிதான் தெரு முழுக்க. ஏழாயிரம் ரூபாயில்தான் கோபம்.

இந்த அறிவெல்லாம் எதற்கும் உதவாத கேள்விகளிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் வளைவில் திரும்பும்போது மரமும் வீடும் ஏன் சாய்ந்து தெரிகின்றன என்று எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் யோசித்தார். நோயாளியின் காதைக் கழுவும்போது தண்ணீர் சூடாகவோ குளிராகவோ இருந்தால் ஏன் தலை சுற்றுகிறது என்று வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர் யோசித்தார். அதற்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக முகாமில் இருந்தார். இன்றைக்கு யாராவது "காதில் வெந்நீர் ஊற்றினால் ஏன் கிறுகிறுக்கிறது" என்று ஆய்வுப் பணம் கேட்டு எழுதினால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு வந்த லிட்மஸ் தாளாவது அனுப்புவார்களா தெரியாது.

இவ்வளவையும் அக்காவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். சித்திரையில் மறுபடி போகப் போகிறாராம். "அடுத்த தடவை ஒரு நூல்ல சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாக்கறனுங். வண்டி சாஞ்சா சாவி காட்டிக்குடுத்துருமல்லோ?"

எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் காட்டிக்கொடுக்காது. சாய்ந்த வண்டியிலும் சாவி பின்பக்கம் போகும், பாயும் வண்டியிலும் பின்பக்கம் போகும். சாவியும் ஒரு காதுக்கல்தான். ஒரே ஒரு வழி இருக்கிறது. வண்டி 20 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி நிஜ முடுக்கத்தால் அதே 20 டிகிரி போவதென்றால், வண்டி மட்டமாகத்தான் இருக்கும், முடுக்கத்தை முதுகுச் சாய்மானம் பார்த்துக்கொள்ளும், இருக்கைக்கு நம் எடை முழுசாக வரும். 60 கிலோ ஆள் 60 கிலோவாகவே அழுத்துவார். பொய் வண்டியில் எடையில் ஒரு பங்கைச் சாய்மானம் தாங்கிக்கொள்ளும், இருக்கையில் அழுத்துவது கிட்டத்தட்ட 56 கிலோதான். இந்த 4 கிலோ வித்தியாசம் காதுக்கு உறைக்காது. எடை மெஷின் ஒன்றைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மெஷினை உள்ள விடுவாங்களாங் மாஷே?"