விரலுக்கும் காதுக்கும் நடுவே 200 மில்லி விநாடி

அக்கா மகள் பியானோ கற்றுக்கொள்கிறாள். ஒரு மிடி கீபோர்டு, லேப்டாப்பில் பியானோ மென்பொருள், இவ்வளவுதான் ஏற்பாடு. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அக்கம்பக்கத்தில் தூக்கம் கெடக் கூடாதென்று அவள் அப்பாவின் ப்ளூடூத் ஹெட்போனை மாட்டிவிட்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சரளமாகப் போய்க்கொண்டிருந்த விரல்கள் தடுமாறின. ஒவ்வொரு கட்டையையும் அழுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தாள். வேகம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றேவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மாமா, இது என்னைவிட லேட்டா வாசிக்குது" என்றாள்.

அவள் சொன்னது அப்படியே உண்மை. அந்த ஹெட்போனில் எந்தக் கோளாறும் இல்லை, பாட்டுக் கேட்க அருமையானது. வாசிப்பதற்குத்தான் அது ஆகாது. ஏன் என்று புரிய, கட்டையை அழுத்தியது முதல் காதில் விழும்வரை என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கீபோர்டு ஒலியை அனுப்புவதில்லை. "இந்தக் கட்டை, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது" என்ற சின்னச் செய்தியை மட்டும் அனுப்புகிறது. மொத்தம் 3 பைட். இப்படிச் செய்தி அனுப்ப 1983இல் வந்த மிடி முறையின் பழைய ஐந்து முள் கேபிளில்கூட இது போய்ச் சேர 1 மில்லி விநாடிதான் ஆகும். அப்புறம் மென்பொருள் அந்தச் சுரத்துக்கான ஒலியை உருவாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வெளியே தள்ளுகிறது. இப்படிச் சேர்க்கும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். ஒலியை விநாடிக்கு 44,100 சின்னத் துண்டுகளாக (மாதிரிகள்) வெட்டும் கணக்கில், பஃபர் 256 மாதிரிகள் என்று வைத்தால் ஏறக்குறைய 6 மில்லி விநாடி. அங்கிருந்து வயர் வழியே காதுக்குப் போக நேரமே ஆகாது. இடையில் ஆகும் சில்லறைத் தாமதங்களையும் சேர்த்தால், ஒழுங்காக அமைத்த லேப்டாப்பில் மொத்தம் 10 முதல் 15 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். ஒலி காற்றில் 1 மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். அதாவது நான்கைந்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பது போல. விரல் இதற்குச் சுலபமாகப் பழகிவிடும்.

வயரை எடுத்துவிட்டு ப்ளூடூத் வந்தால் கதை மாறுகிறது. சுருக்கப்படாத ஸ்டீரியோ ஒலி விநாடிக்கு 14 லட்சம் பிட். அதை எல்லா ப்ளூடூத் ஹெட்போனுக்கும் தெரிந்த எஸ்பிசி முறையில் சுமார் மூன்றேகால் லட்சமாகச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்ப வேண்டும். அதே அலைவரிசையில் வைஃபையும் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் இருக்கிறது. இந்த நெரிசலில் மாட்டாமலிருக்க ப்ளூடூத் விநாடிக்கு 1,600 முறை சேனல் மாறுகிறது. அப்படியும் சில பொட்டலங்கள் தொலையும், அவற்றை மறுபடி அனுப்ப வேண்டும்.

மறுபடி வரும்வரை பாட்டு அறுபடாமல் இருக்க ஒரே வழி, ஹெட்போன் கொஞ்சம் ஒலியைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருவது அந்தத் தொட்டியால்தான். ஆனால் ஹெட்போனின் தொட்டி வரிசை தவறாதது. இப்போது வந்த ஒலி, முன்னால் வந்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் வெளியே வரும். சுருக்குவது, அனுப்புவது, காத்திருப்பது எல்லாம் சேர்ந்து சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் 150 முதல் 250 மில்லி விநாடி ஆகிவிடுகிறது.

200 என்றே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு எட்டு சுரம் வாசிக்கிறோம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 125 மில்லி விநாடி. விரல் ச, ரி இரண்டையும் தாண்டி க-வை நெருங்கும்போதுதான் காதில் ச விழும். தூரமாகச் சொன்னால் 68 மீட்டர். கிரிக்கெட் மைதானத்தில் பவுண்டரிக் கோட்டருகே நின்றால், பந்து மட்டையில் பட்டுக் கிளம்பிய பிறகு 'டக்' கேட்குமே, அதே இடைவெளி.

இது வெறும் எரிச்சலூட்டும் விஷயம் அல்ல. நம் குரலையே 200 மில்லி விநாடி தாமதமாக நம் காதில் போட்டால் பேச்சே திக்கிவிடும். ஜப்பானைச் சேர்ந்த குரிஹாரா, சுகாடா இருவரும் இதை வைத்துப் பேசுபவரின் வாயை அடைக்கும் கருவியே செய்து, 2012இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். விரலும் நாக்கைப் போலத்தான். அடுத்த அசைவுக்குக் காதிலிருந்து ஒப்புதலை எதிர்பார்க்கிறது. குழந்தை தடுமாறியதற்குப் பயிற்சிக் குறைவு காரணமே இல்லை.

அதே ஹெட்போனில் படம் பார்த்தால் உதடும் வசனமும் ஒத்துப் போகிறதே என்று கேட்கலாம். அங்கே காட்சியையே அத்தனை நேரம் நிறுத்திவைத்துக் காட்டுகிறது ஃபோன். காட்சியைத் தாமதிக்கலாம். விரலைத் தாமதிக்க முடியாது.

சரி, வயர் இல்லாமல் வழியே இல்லையா? இருக்கிறது. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை சுமார் 40 மில்லி விநாடிக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அனுப்பும் பக்கம், கேட்கும் பக்கம் இரண்டிலும் அது இருக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் எல்இ ஆடியோ என்ற ப்ளூடூத் முறையும் தாமதத்தை நன்றாகக் குறைக்கிறது. யுஎஸ்பி டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் சின்ன வயர்லெஸ் கருவி) வரும் கேமிங் ஹெட்போன்கள் ப்ளூடூத்தைவிட எவ்வளவோ மேல். மெதுவான பாட்டுக்கு இவை போதும். வேகமாக வாசிப்பவருக்கு 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே கட்டை கனத்துப் போனது போலிருக்கும். கீபோர்டை லேப்டாப்போடு ப்ளூடூத்தில் இணைப்பதில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. போவது 3 பைட் செய்திதானே.

கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வயர்தான் என்பது என் கட்சி. விலையும் குறைவு. லேப்டாப்பில் நேராகச் செருக 32 ஓம் மின்தடையுள்ள ஹெட்போன் போதும், 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கினால் சத்தம் ஈனமாகத்தான் கேட்கும். பின்புறம் திறந்த வகையில் பியானோ எதிரே இருப்பது போல விரிந்து கேட்கும், ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். இரவு வாசிக்க மூடிய வகை நல்லது.

வீட்டில் இருக்கும் ப்ளூடூத் ஹெட்போனைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும், அதில் ஒரு வயரைச் செருகுங்கள். பிறகு வலது காதை மட்டும் திறந்துவைத்து ஒரு கட்டையை ஓங்கி அழுத்துங்கள். கட்டை அடியில் தட்டும் 'டொக்' வெளியே கேட்கும், சுரம் இடது காதில் கேட்கும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. வயர் போட்ட பிறகும் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் காரணம் லேப்டாப்தான். மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் 1024 என்று இருந்தால் 256க்கு இறக்குங்கள், விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஒலி கரகரத்தால் ஒரு படி ஏற்றி 512இல் விடுங்கள். எங்கள் வீட்டு லேப்டாப் 256இல் கரகரக்காமல் ஓடுகிறது.