ஊர் திரும்பும் மகிழ்ச்சியும் ஒரு முழக் கம்பியும்

கால்நடை வைத்தியருக்குப் பயணம் ஓய்வதில்லை. பயிற்சி, கருத்தரங்கு, ஆய்வுகூட வேலை என்று பேராதனைக்கும் கொழும்புக்கும் போவது போக, கடல் கடந்தும் அடிக்கடி போய்வருகிறேன். போன இடங்களில் அடர்ந்த காடுகளையும் பெரிய விலங்குகளையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் ஏறத் தொடங்கியதும் மனத்தில் எழும் மகிழ்ச்சியை வேறெங்கும் கண்டதில்லை. அட்டன் வந்து சேருவதற்குள் என் கண்கள் தாமாகவே மரக்கிளைகளில் எதையோ தேட ஆரம்பித்துவிடும்.

ஊர்ப்பற்று மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நம் மலைகளில் வாழும் பல உயிர்களை உலகில் வேறு எங்கு போனாலும் காண முடியாது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றையும் சேர்த்து 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது இந்த உயிர்வளத்துக்காகத்தான். ஆனால் அந்த உயிர்கள் வனப்பூங்காவின் எல்லைக் கல்லைப் பார்த்து வாழ்வதில்லை. தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடும் ஓடையின் கரைக்காட்டில், மரக்கறித் தோட்டத்து வேலியில், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கானில் (வடிகாலில்) அவை நம்மோடுதான் இருக்கின்றன. அவற்றின் உயிர் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வேலிச் செடிகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்பு நீட்டிக்கொண்டு ஓர் ஓணான் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்தக் கொம்பு ஓணான் வகைகள் எல்லாமே இலங்கைக்கு மட்டும் உரியவை. இன்னும் மேலே, முகில் தவழும் காட்டில், விரல் நீளமே உள்ள குட்டை ஓணான் ஒன்று இருக்கிறது. பாசி படிந்த சுள்ளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வாலைக் கிளையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை எடுத்து வைக்கவே யோசிப்பதுபோல மெல்ல நகரும். முட்டையிடாமல் குட்டி போடும் ஓணான் அது. அந்தக் குளிர்மண்ணில் முட்டை பொரிப்பது எளிதல்ல. தாய் வெயிலில் காய்ந்து, தன் உடற்சூட்டில் கருவை வளர்த்துப் பெறுகிறது. முதன்முதலாக ஒன்றின் அருகே குனிந்து நின்றபோது மூச்சுவிடவும் தயங்கினேன். இன்றும் அப்படித்தான்.

இதே ஓணான்கள் வெளிநாடுகளில் செல்லப்பிராணிகளாக விலைபோகின்றன. மெதுவாக நகரும் உயிர் என்பதால் கையால் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். வயிற்றில் கருவோடு இருக்கும் தாயைக் கொண்டுபோனால் அடுத்த தலைமுறையும் அதோடு போய்விடுகிறது. 2019ஆம் ஆண்டு, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன. சட்டம் விமான நிலையத்தில் நிற்கிறது. பிடிக்கப்படுவதோ நம் வேலியில். வெளியாள் ஒருவர் வந்து சிறுவர்களிடம் காசு கொடுத்து ஓணான் பிடித்துத் தரச் சொன்னால், அது விளையாட்டல்ல, கடத்தலின் முதல் படி. வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

பயணம் என்றால் பறவைகளைச் சொல்லாமல் விட முடியாது. காஷ்மீரத்து மலைக்காடுகளில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான், குளிர்காலத்தைக் கழிக்க நுவரெலியா விக்டோரியா பூங்காவின் மரங்களுக்கு வருகிறது. கையளவு கூட இல்லாத உடம்போடு அது கடந்து வரும் தூரத்தை நினைத்தால் என் பயணக் களைப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஆறுமணிக் குருவியும் ஒக்டோபர் அளவில் வந்துவிடும். இரவில் பறந்து வருவதால் விளக்கொளியில் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவதுண்டு. அப்படி ஒன்றை எடுத்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். மோதிய அதிர்ச்சியிலிருந்து சில மணி நேரத்தில் பல பறவைகள் தெளிந்துவிடும். இறக்கை தொங்கினால் மட்டும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

இனிச் சிறுத்தை. இந்தத் தீவில் அதற்கு மேலான வேட்டை விலங்கு இல்லை. அது இலங்கைக்கே உரிய துணையினம். அது தேயிலைத் தோட்டங்களில் நடமாடுவது அரிய செய்தி அல்ல. நாய், காட்டுப்பன்றி, கேளையாடு எல்லாம் அங்கே கிடைக்கின்றன. காலையில் ஈரமண்ணில் அதன் கால்தடத்தைப் பார்க்கும்போது எனக்கு வரும் முதல் உணர்வு அச்சமல்ல, நிம்மதி. இன்னும் இருக்கிறது என்ற நிம்மதி.

அதைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியோ கிளட்ச் கம்பியோ போதும். ஒரு முனையில் சுருக்குப் போட்டு, மறுமுனையைத் தேயிலைத் தூரில் கட்டி, பன்றி வரும் தடத்தில் வைத்துவிடுகிறார்கள். சிறுத்தை அதில் நுழைந்தால் தலையும் முன்கால்களும் கடந்து, பெரும்பாலும் இடுப்பில் இறுகுகிறது. அது திமிறத் திமிறக் கம்பி உள்ளே போகும். வெளியே சொட்டு இரத்தம் தெரியாமல் இருக்கலாம். உள்ளே தசைகள் நசுங்கி, அவற்றிலிருந்து கசியும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் கம்பியை வெட்டி விட்டதும் எழுந்து நடந்த சிறுத்தை இரண்டொரு நாளில் இறந்துபோகிறது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டம் ஒன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை நாடே அறியும். மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாள்களில் அது இறந்துவிட்டது.

சுருக்கு வைப்பவர் எல்லாரும் சிறுத்தையின் எதிரிகள் அல்லர். கடன் வாங்கி நட்ட உருளைக்கிழங்கை ஒரே இரவில் பன்றி கிளறிப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. பழைய தகரத்தால் நெருக்கமாக அடைத்த வேலி பன்றியைப் பெருமளவு தடுக்கும். குப்பையையும் கோழிக்கழிவையும் லயத்தோரம் கொட்டாமல் இருந்தாலே பன்றியும் தெருநாயும் குறையும், அவற்றைத் தேடி வரும் சிறுத்தையும் விலகும்.

சிக்கிய விலங்கைக் கண்டால் உடனே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நீங்களே கம்பியை வெட்டப் போகாதீர்கள். மயக்க ஊசி போடாமல் கிட்டப் போவது உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. கூட்டம் கூடி, கூச்சலிட்டு, தொலைபேசியில் படம் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது இன்னும் திமிறும். ஆள்களை விலக்கி நிறுத்துவதுதான் வைத்தியர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடிய சிகிச்சை.

சிறுத்தைக் குட்டிகளை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். தாய் இரை தேடப் போகும்போது குட்டிகளைத் தேயிலைத் தூருக்கு அடியில் விட்டுப் போகும். அவை அநாதைகள் அல்ல. ஒரு தோட்டத்தில் அப்படிக் கண்டதும் கங்காணியிடம் சொல்லி, அந்த நிரைகளை விட்டு வேறு மலையில் கொழுந்தெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களில் மூத்த அம்மா ஒருவர், “டொக்டர் ஐயா, தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது” என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் சாதாரணமானதல்ல.

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்குகிறது. மே மாத வெசாக் வரை ஆள்களும் குப்பையும் பெருகும். அதற்கு முன் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத் தோட்டங்களில் கான்களையும் வேலியோரங்களையும் ஒரு நாள் நடந்து, கட்டிக் கிடக்கும் கம்பிகளைக் கழற்றிவிடலாம். தோட்ட நிர்வாகத்திடமும் வனஜீவராசிகள் அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். உங்கள் தோட்டத்தில் நாள் குறித்தால் எனக்கும் சொல்லுங்கள். ஊரில் இருந்தால் கட்டாயம் வருகிறேன்.