வாட்ஸ்அப்பில் வரும் கேள்வியும் நூலகரின் எதிர்க்கேள்வியும்

"ராமேஸ்வரம் பத்தி புக் இருக்கா சார்?" நூலகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் தேடி நான்கு தலைப்புகளை அனுப்பினால் வேலை முடிந்ததுபோலத் தெரியும். வாசகருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த நான்கில் இருக்காது.

மேசை முன் வந்து நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தே தேவையைப் பிடித்துவிடலாம். செல்பேசியில் முகம் தெரியாது. எழுதித்தான் கேட்க வேண்டும். "எதற்கு?" என்று மொட்டையாகக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். "கட்டுரை எழுதவா, தேர்வுக்கா, ஊர் சுற்றிப் பார்க்கவா?" என்றால் சொல்லிவிடுவார். ஒரு செய்தியில் ஒரே கேள்விதான். மூன்றைச் சேர்த்து அனுப்பினால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

இரண்டு மூன்று முறை கேட்டபின் விஷயம் வெளிவரும்: 1964 டிசம்பர் புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை நாளில் சரிசெய்தார்கள்? 46 நாள், பொறுப்பில் இருந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். இதை மட்டும் அனுப்பினால் அது அரட்டை. எந்த நூல், எந்தப் பதிப்பு, எத்தனையாவது பக்கம், நம் அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் அழைப்பு எண் என்ன என்பதையும் சேர்த்தால்தான் அது குறிப்புதவிச் சேவை, அதாவது வாசகரின் கேள்விக்கு ஆதாரத்தோடு விடை தேடித் தரும் நூலகப் பணி. தேட நேரமாகும் என்றால், "மாலை 4 மணிக்குள் சொல்கிறோம்" என்று உடனே ஒரு வரி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் அதே கேள்வியை வேறு நான்கு பேரிடம் கேட்டிருப்பார்.

எந்த வாட்ஸ்அப் எண்ணைக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊழியரின் சொந்த எண்ணைக் கொடுத்தால், அவர் மாற்றலாகிப் போகும்போது சேவையும் அவரோடு போய்விடும். நிறுவனங்களுக்கான தனிச் செயலியான வாட்ஸ்அப் பிசினஸில் நூலகத்தின் தரைவழி எண்ணையே பதியலாம்; சரிபார்ப்பு எண் அழைப்பில் குரலாக வரும். மேசைக் கணினியையும் இதோடு இணைத்துக்கொள்ளலாம். ஆனால் செயலியை நிறுவிய முதன்மைச் செல்பேசியில் அதை இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். வரும் கேள்விகளைப் பிரித்து வைக்க 'புதிது', 'தேடுகிறோம்', 'முடிந்தது' என மூன்று லேபிள் போதும். வேலை நேரம், உறுப்பினர் கட்டணம் போன்றவற்றுக்கு விரைவுப் பதில்களை எழுதி வைத்துவிட்டால், திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

பக்கத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பழைய நாளிதழின் பொடி எழுத்து மங்கிப் போகும். 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள். முழு நூலையும் பிடிஎஃப்பாகக் கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. அப்படிப்பட்ட நூலுக்குப் பொருளடக்கத்தை அனுப்பி, நேரில் வரச் சொல்வதே சரி. உரிமைக்காலம் முடிந்த நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடி இணைப்பை அனுப்பலாம்.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பேஸ்புக்கில் கருத்துப் பகுதியில் கேட்டால் உள்பெட்டிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோய் பற்றியோ விவாகரத்துச் சட்டம் பற்றியோ படிப்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. விடை கிடைத்த கேள்விகளைப் பெயர் நீக்கி, #Pamban போல ஹேஷ்டேக் வைத்து டெலிகிராம் சேனலில் போட்டு வையுங்கள். அடுத்த டிசம்பரில் யாராவது அதே பாலத்தைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.