ஏழு ஃபில்டர் மாற்றியும் தீராத கரகரப்பு

போன மழைக்காலத்தில், கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற எஸ்டேட் மேலாளர் ஒருவர் தன் டிஏசி பெட்டியை (டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் கருவி) துண்டில் சுற்றிக் குன்னூரில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனா காதைக் கிழிக்குது. இதுல இருக்கிற ஏழு ஃபில்டரையும் மாத்திப் பாத்துட்டேன். இன்னும் பெரிசா ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"வாங்காதீங்க சார், ஒரு நாள் விட்டுட்டுப் போங்க" என்றேன்.

அந்த ஏழும் பெட்டியிலேயே மாற்றித் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள். அந்த ஃபில்டர் செய்யும் வேலை இதுதான். சிடியில் ஒரு நொடி ஒலி 44,100 சாம்பிள்களாக, அதாவது அலையின் உயரத்தை அளந்து எழுதிய எண்களாக, இருக்கிறது. அவற்றை மீண்டும் அலையாக்கும்போது, 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டின் பிம்பம் முளைக்கும். ஊட்டி ஏரியில் கரையோர மரம் தலைகீழாகத் தெரிவதுபோல. 20 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 24.1-இல் ஒரு பிம்பம். அவ்வளவு குறுகிய இடைவெளியில் கண்டென்சரும் கம்பிச்சுருளும் வைத்து அதை வெட்டுவது பெரும்பாடு. அதனால்தான் 1980களின் தொடக்கத்திலேயே பிலிப்ஸ், சாம்பிள்களுக்கு நடுவே கணக்கிட்டுப் புதிய சாம்பிள்களை நிரப்பி வேகத்தை நான்கு மடங்காக்கியது. பிம்பம் தொலைவுக்குத் தள்ளிப்போனது, வெட்டுவது எளிதானது. ஓவர்சாம்ப்ளிங் என்பது இதுதான். நடுவே நிரப்பும் அந்தக் கணக்கைப் போடுவதுதான் ஃபில்டர்.

லீனியர் ஃபேஸ், மினிமம் ஃபேஸ் என்ற ஃபில்டர் பெயர்களெல்லாம் அந்த வெட்டு எப்படி விழுகிறது என்பதைச் சொல்பவை. முன்னதில் துடிப்புக்கு இருபுறமும் சிற்றலை. பின்னதில் பின்னால் மட்டும். விளம்பரத்தில் போடும் வரைபடத்தில் அது பயமுறுத்தும். ஆனால் அந்தச் சிற்றலை 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது, அறுபது வயதுக் காதுக்கு எட்டாது. நாம் உருகிக் கேட்ட எஃப்எம் ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஃபில்டரே வேண்டாம் என்று ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டிஏசி வாங்குபவர்களுக்கு ஒன்று: அதில் 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபலுக்குச் சற்று மேல் குறைந்துவிடும், பிம்பமும் அப்படியே வெளியே வரும்.

அவர் பெட்டியில் கோளாறு வேறு. இன்றைய பதிவுகள் பல, உச்ச அளவைத் தொடும்வரை சத்தம் ஏற்றப்பட்டவை. அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்கள் உச்சத்தில் இருந்தால், உண்மையான அலை அவற்றுக்கு நடுவே இன்னும் உயரே போகலாம். 11.025 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒரு சுற்றுக்கு நான்கு சாம்பிள்தான். அவை சரிவுகளில் சமமாக விழுந்தால் அலையின் முகடு சாம்பிளைவிட 3 டெசிபல் உயரம். அந்த முகட்டை ஃபில்டர் சரியாகவே கணக்கிடுகிறது. எழுதி வைக்க எண்ணில் இடமில்லாததால் தலை வெட்டுப்படுகிறது. எந்த ஃபில்டரைப் போட்டாலும் இந்த கிளிப்பிங் போகாது.

லேப்டாப்பில் பிளேயரின் வால்யூமை 4 டெசிபல் இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு ஏற்றினேன். நாதஸ்வரம் தெளிந்தது. வால்யூமைத் தொட்டால் தரம் போய்விடும் என்று அவர் அதை முழுதாகவே வைத்திருந்தார். பலர் இப்படித்தான் பயப்படுகிறார்கள். சாம்பிளை எழுதும் எண்ணில் ஒரு பிட் (இரும இலக்கம்) கூடினால் 6 டெசிபல் இடம் கிடைக்கும். 24 பிட்டில் அனுப்பும்போது, 16 பிட் பாட்டுக்கு 4 டெசிபல் குறைவது ஒன்றுமே இல்லை.

ஆம்ப்ளிஃபயர் குமிழை மட்டும் குறைத்தால் பயனில்லை, வெட்டு அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. சிடி பிளேயரிலிருந்து நேராக டிஏசிக்கு இழுப்பவர்களிடம் பிளேயர் வால்யூம் இருக்காது. அவர்கள் கடையில் கேட்க வேண்டியது, இந்த டிஏசியின் வால்யூம் ஃபில்டருக்கு முன்னால் வேலை செய்கிறதா, பின்னாலா என்பதுதான்.