ஆகஸ்டில் பிறந்த பையன் ஏன் பட்டியலில் இல்லை?

மாவட்டக் கிரிக்கெட் அணிப் பட்டியல் ஒட்டப்பட்ட மறுநாள் காலை என் கைபேசி ஓயாமல் அடிக்கும். "சார், என் பையன் எதில் குறைந்துபோனான்?" என்றுதான் எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். நான் பல ஆண்டுகளாகப் பயிற்சியாளன். இடையில் சில பருவங்கள் மாவட்டத் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பாதை என்னவோ எளிமையானதுதான். பையன் பள்ளி அணியிலோ பயிற்சி மையத்திலோ தொடங்குகிறான். மாவட்டச் சங்கம் வயதுவாரியாகத் தேர்வு நடத்தி அணி எடுக்கிறது. மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளில் ரன்னும் விக்கெட்டும் எடுப்பவர்களைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் உத்தேசப் பட்டியலுக்கு அழைக்கிறது. அதிலிருந்து மாநில அணி. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒருநாள் ஆட்டத்தில் வினூ மன்கட் கோப்பை, நான்கு நாள் ஆட்டத்தில் கூச் பிஹார் கோப்பை. 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சி.கே. நாயுடு கோப்பை, அதற்கு மேல் படியில் வயது வரம்பில்லாத ரஞ்சிக் கோப்பை. பெண்களுக்கு 15, 19, 23 என்று படிகள். ஒவ்வொரு படியிலும் பளிச்சென்று தெரிகிறவர்களை மண்டல முகாம்களுக்கும் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பெங்களூரு பயிற்சி மையத்துக்கும் அழைப்பார்கள்.

காகிதத்தில் இது ஏணி போலத் தெரியும். ஏணியின் முதல் படியில் ஒரு தேதி எழுதியிருக்கிறது. செப்டம்பர் 1.

வயதுப் பிரிவு அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஒரு பையன் செப்டம்பர் 3 அன்று பிறந்தவன். இன்னொருவன் அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்ட் 28. இருவரும் ஒரே பிரிவு, ஒரே பயிற்சி வலை, ஒரே பந்து. நாற்பது வயதில் பன்னிரண்டு மாதம் ஒரு வித்தியாசமே இல்லை. பதினான்கு வயதில் அது மீசைக்கும் மீசை இல்லாமைக்கும் உள்ள வித்தியாசம். செப்டம்பர் பையன் அடித்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது. அதே அடியை ஆகஸ்ட் பையன் அதே நேரத்தில், அதே கால் நகர்வோடு அடிக்கிறான், மிட் ஆஃப்பில் நிற்பவன் குனிந்து எடுத்துவிடுகிறான். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து 1980களிலேயே இதை ஆராய்ந்து, ஒப்பீட்டு வயது விளைவு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தேர்வாளர்களான எங்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் தவறுகிறோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தேர்வு நாள் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கே மைதானத்து வாசலில் கிட் பைகள் மலை போலக் கிடக்கும். ஒவ்வொரு பையனின் சட்டையிலும் எண் எழுதிய தாளை ஊக்கால் குத்தியிருப்பார்கள். மூன்று வலைகள். ஒருவனுக்குக் கிடைப்பது எட்டோ பத்தோ பந்துகள். அந்தப் பந்துகளை வீசுபவர்கள் யார்? அவர்களும் தேர்வுக்கு வந்த பையன்கள்தான். தங்கள் வேகத்தைக் காட்டியாக வேண்டுமே என்ற தவிப்பில் பாதிப் பந்துகளைத் தலைக்கு மேலேயோ காலுக்கு வெளியேயோ போடுவார்கள். ஆகவே உங்கள் பையன் எப்படி ஆடினான் என்பது பாதி அவன் கையில், மீதி எந்த வலையில் அவன் பெயர் அழைக்கப்பட்டது என்பதில்.

அதனால்தான் அனுபவப்பட்ட தேர்வாளர்கள் மட்டையை மட்டும் பார்ப்பதில்லை. வெளியே காத்திருக்கும்போது பையன் என்ன செய்கிறான், ஆட்டமிழந்த அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறான், வலைக்கு வெளியே ஓடிய பந்தை எடுக்க ஓடுகிறானா நடக்கிறானா, இதெல்லாம் எங்கள் நோட்டில் ஏறும். மட்டையின் விலை ஏறாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தேர்வுக்கு முந்தைய வாரம் புது மட்டை வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. பழகாத மட்டையோடு பையன் தடுமாறுவதைப் பார்த்தால் எனக்கு அந்த அப்பாவின் மேல்தான் கோபம் வரும்.

ஒரு பருவத்தில் 117ஆம் எண். ஒல்லியான ஆஃப் ஸ்பின்னர், தோளுக்குக் கீழே தொங்கும் சட்டை. பந்தைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் போட்டான். அடிக்கலாம் என்று இறங்கி வந்த உயரமான பையனுக்கு முன்னால் பந்து சட்டென்று விழுந்து, மட்டைக்கும் காலுக்கும் நடுவே போனது. அடுத்தடுத்து இரண்டு முறை. மூன்றாவது பந்தை அந்த உயரமான பையன் வலையின் கூரையில் அடித்தான். "சின்னப் பையன், அடி தாங்க மாட்டான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் தலையசைத்தேன். பட்டியலில் என் கையெழுத்தும் இருக்கிறது. அடுத்த ஆண்டு தேர்வுக்கு அந்தப் பையன் வரவே இல்லை. அவனுக்கு முதல் இரண்டு பந்துகளையும் வீசத் தெரிந்திருந்தது, மூன்றாவது பந்துக்காக விட்டுவிட்டோம்.

உடம்புக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் வயதைக் குறைக்கும் ஆசையும் வருகிறது. 2015ஆம் ஆண்டின் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இதை நேரடியாகவே பேசினார். வயதை மறைத்து முன்னேறுகிறவன் திறமையால் அல்ல, உடல் வலுவால் முன்னேறுகிறான் என்பது அவர் வாதம். என்னிடமே ஒரு தந்தை, பள்ளியில் சேர்க்கும்போது "ஒன்றரை வருடம் குறைத்துப் போட்டுவிட்டோம், இப்போது வசதியாகப் போயிற்று" என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறார். வசதி அல்ல, அது கண்ணிவெடி. 16 வயதுப் பிரிவில் டிடபிள்யூ3 என்ற எலும்பு வயதுப் பரிசோதனை இருக்கிறது. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்-ரே எடுத்து, 13 எலும்புகளின் வளர்ச்சி நிலைக்கு மதிப்பெண் போட்டு வயதைக் கணிப்பார்கள். இந்தப் பிரிவில் 14 முதல் 16 வயது வரையிலானவர்கள் மட்டுமே பதிவு செய்யலாம் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2020இல் அறிவித்தது. ஆவணத்தில் மோசடி நிரூபணமானால் இரண்டு ஆண்டுத் தடை என்பதும் அப்போது அறிவித்ததுதான். பிறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், 19 வயதுப் பிரிவில் ஆடும் ஆண்டுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. சான்றிதழை இன்றே எடுத்து, பிறந்த தேதியோடு பதிவுத் தேதியையும் பாருங்கள். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை.

பொய்யே இல்லாமலும் சிலர் இந்தப் பரிசோதனையில் தோற்பது உண்டு. சீக்கிரம் வளர்ந்துவிடும் பையன்களின் எலும்பு, சான்றிதழைவிட மூத்ததாக இருக்கும். அவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள்.

வேகப்பந்து வீசும் பையன்களின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. இடுப்புக்கு மேலே உள்ள முதுகெலும்புகள் பதினைந்து வயதில் முழுமையாக இறுகியிருப்பதில்லை. அளவுக்கு மீறி வீசினால் மயிரிழை போன்ற விரிசல் விழும். முதலில் முதுகு பிடித்துக்கொண்டது போல இருக்கும், தைலம் தேய்ப்பார்கள், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி வீசுவான். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் நீண்ட காலம் வைத்திருந்த வரம்பு, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து வீசும்போது, 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். நம் பையன்களின் சிக்கல் ஒரு நாள் கணக்கில் இல்லை. திங்கள் பள்ளி ஆட்டம், புதன் அகாதமி வலை, வெள்ளி மாவட்டப் பயிற்சி, ஞாயிறு தெருவில் டென்னிஸ் பந்து. மூன்று பயிற்சியாளர்களும் தங்களிடம் வீசியதை மட்டுமே எண்ணுகிறார்கள். முழுக் கூட்டலைப் போடக்கூடியவர் வீட்டில்தான் இருக்கிறார். ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். முன்னால் குனியும்போது இல்லாத வலி பின்னால் வளையும்போது வந்தால், பந்தை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சரி, பட்டியலில் பெயர் இல்லை. கதவு மூடிவிட்டதா? 1999 டிசம்பரில் கூச் பிஹார் இறுதி ஆட்டத்தில் பிஹார் அணி மொத்தமாக 357 எடுத்தது. பஞ்சாபின் யுவராஜ் சிங் ஒருவரே 358 அடித்தார். அடுத்த மாதம் இலங்கையில் நடந்த 19 வயது உலகக் கோப்பைக்கு யுவராஜ் போனார். தோற்ற அணியில் ஆடிய மகேந்திர சிங் தோனி போகவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். பிறகு சென்னைக் கிளப்புகள் மோதும் லீக்கின் நான்காவது டிவிஷன், 2015இல் ரஞ்சி, 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2020 டிசம்பரில் இந்திய அணி. வயதுப் பிரிவு ஏணியை அவர் தொட்டதே இல்லை. வருண் சக்கரவர்த்தி நடுவில் கிரிக்கெட்டையே விட்டுவிட்டுக் கட்டிடக் கலை படித்துத் திரும்பியவர்.

இவர்களைக் காட்டி உங்கள் பையனும் இப்படி வருவான் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற அகாதமிகளிடமிருந்து தள்ளியே இருங்கள். நான் சொல்வது லீக் கிரிக்கெட்டைப் பற்றி. டிவிஷன் ஆட்டத்தில் யாரும் செப்டம்பர் 1ஐக் கேட்பதில்லை. பதினாறு வயதுப் பையன், முப்பத்தைந்து வயது வங்கி ஊழியருக்குப் பந்து வீசுவான். அவர் மூன்று ஓவர் விட்டு வைத்து நான்காவதில் அடிப்பார். அந்த ஒரு மதியம், வலையில் ஒரு மாதம் கற்பதற்குச் சமம். உள்ளூர்க் கிளப்பின் செயலாளரைப் பதிவுக்காலம் தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள். தொடங்கிய பிறகு போனால் இடம் இருக்காது.

சேர்த்துவிட்ட பிறகு, வலைக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். ஒவ்வொரு பந்தையும் ஆடிய கையோடு பையன் உங்கள் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கிறான். அவன் தலை இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அடுத்த பந்து பாதி தூரம் வந்துவிடுகிறது.